வெள்ளத்தில மீன் குஞ்சு ஒதுங்கிற இடத்தை அளக்கிறது எப்பிடி?

வணக்கம், நான் திருகோணமலை. கடைசி வருசப் புரொஜெக்டுக்கு மூதூர் பக்கம் ஒரு சின்ன ஓடையில மீன் குஞ்சுகள் மாரியை எங்க கழிக்குது எண்டு பாக்கிறன். முறை வட அமெரிக்காவில கோஹோ சால்மன் குஞ்சு குளிர்காலத்தைக் கழிக்கிற இடத்துக்குப் பாவிக்கிறது, ஆழமான குழி, விழுந்த மரம், வேர்மறைவு, பக்க வாய்க்கால் எல்லாத்துக்கும் புள்ளி போடுறது. அங்க குளிர், இங்க வெள்ளம், ஆனா ரெண்டிலயும் குஞ்சுக்குத் தேவை இழுப்பில்லாத தண்ணிதானே எண்டு நினைச்சன்.

ஓகஸ்ட்ல தண்ணி வத்தின நேரம் 200 மீற்றர் அளந்து புள்ளி போட்டு வச்சிட்டன், டிசம்பர் மழையில திரும்பப் போய்ப் பறி வச்சா கூடப் புள்ளி எடுத்த குழியில ரெண்டு இரவும் ஒண்டும் விழேல்ல, நான் பூச்சியம் போட்ட புல்லுக்கரையில முழங்கால் தண்ணியில கெண்டைக் குஞ்சும் விரால் குஞ்சும் கொட்டிக்கிடக்கு!

வேகம் அளக்க தோடம்பழத்தை 10 மீற்றருக்கு மிதக்கவிட்டு நேரம் எடுத்து, மேல்தண்ணி வேகத்தைச் சராசரி வேகமாக்க 0.85ஆல பெருக்கிப் பாத்தன், நடு ஓட்டத்துக்குச் சரி, கரையில புல்லுக்க மாட்டி நிண்டிடுது. நட்ட அளவுத்தடி ரெண்டு தரம் வெள்ளத்தோட போட்டுது. இறங்கவும் ஏலாது, முதலை (சால்மன் கையேட்டில அதுக்கு வழி சொல்லேல்ல). சுப்பவைசர் ஓகஸ்ட் டேட்டாவையே எழுதச் சொல்றார், எனக்கு மனம் வரேல்ல. ஜனவரி முடியத் தண்ணி இறங்கீரும்.

தண்ணிக்க இறங்காம, கரையில நிண்டே புல்லுக்குள்ள ஓடுற தண்ணியின்ர வேகத்தை அளக்க கையால செய்யக்கூடிய முறை ஏதும் ஆருக்கும் தெரியுமா?