புதுப்பிப்பு: தாய்ப்பால் எடுத்து வைக்கிறது பத்திக் கேட்டிருந்தேனே

மூணு மாசக் குழந்தையை விட்டுட்டு நாள் முழுக்கப் பரீட்சைக்குப் போகணும், தாய்ப்பால் எப்படி எடுத்து வைக்கிறதுன்னு போன மாசம் கேட்டிருந்தேன். போயிட்டு வந்தாச்சு!

தினமும் காலையில பால் கொடுத்ததும் பம்ப் பண்ணினேன். முதல் நாள் 20 மில்லிதான், அழுகையே வந்துச்சு. 60 மில்லியா பிரிச்சு, தேதி எழுதி ஃப்ரீசர்ல வச்சேன். குழந்தை வாய் வச்ச மிச்சத்தை 2 மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, அதனால சின்னப் பைதான் சரி. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு மாத்தினேன். முழுசா உருகினப்புறம் 24 மணி நேரம்தான் கணக்கு.

கொழுப்பு மேல ஒதுங்கி நின்னதைப் பார்த்து "திரிஞ்சுபோச்சுடி"ன்னு அம்மா கொட்டவே போயிட்டாங்க! வெந்நீர்க் கிண்ணத்துல வச்சு லேசா சுழட்டினா கலந்துடும்மான்னு போன்ல கத்தினேன். பாட்டிலை நம்ம குட்டி மேடம் தொடலையாம், ஸ்பூன்லதான் குடிச்சிருக்கா.

மதியமே எனக்கு மார்பு கல்லாட்டம் கட்டிக்கிச்சு. நடுவுல ஒரு தடவை பீய்ச்ச நேரம் ஒதுக்காதது என் தப்பு.