கராத்தேயிலிருந்து முய் தாய்க்கா, ஜூடோவுக்கா? பழகிய உடம்பு எங்கே இடறும்?

பிரௌன்பெல்ட் கேட்டது:

ஷோட்டோகான் பாணிக் கராத்தே 6 வருடம், வயது 34. கட்டா (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) ஓரளவு வரும். குமிதே (இருவர் மோதும் பயிற்சி) பாயிண்ட் முறையில் மட்டும்தான் பழக்கம். வாரம் 3 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். தாய்லாந்தின் குத்து-உதைச் சண்டையான முய் தாய், பிடித்து எறியும் ஜூடோ இரண்டில் ஒன்றைத் தொடங்கப்போகிறேன். எது பெரிது என்ற சண்டை வேண்டாம். கராத்தே பழக்கத்தில் எது காலை வாரும், எது கைகொடுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலைக்கால்:

முய் தாய் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் மாட்டுவது நிற்கிற முறை. கராத்தேயில் முன்காலை மடக்கி நீளமாக நிற்கும் ஜென்குட்சு டாச்சியில் பாதிக்கு மேல் எடை முன்காலில் இருக்கும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எதிராளி தேடுவதே அந்தத் தொடையைத்தான். முழங்காலுக்குச் சற்று மேலே வெளிப்பக்கத்தில் நாலு லோ கிக் சரியாக விழுந்தால் கால் மரத்துப்போகும். தோள் அகலத்துக்குக் கால் வைத்து நிமிர்ந்து நில்லுங்கள், எடை கொஞ்சம் பின்காலில் இருக்கட்டும். முன்கால் பாரமில்லாமல் இருந்தால்தான் நினைத்தவுடன் முழங்காலைத் தூக்கி, ஷின்னை (முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்க எலும்பை) வெளியே திருப்பி அடியை வாங்க முடியும். குமிதேயில் நிற்பதுபோல முழுக்கப் பக்கவாட்டில் நின்றால் தொடையின் பின்பக்கமும் திறந்துவிடும்.

அடுத்தது ஹிகிதே. ஒரு கை குத்தும்போது மற்ற கை தானாக இடுப்புக்குப் போகும், அந்தப் பக்கத் தாடை திறந்து கிடக்கும். வாயால் சொல்லித் திருத்த முடியாத பழக்கம் இது. கண்ணாடி முன் நின்று, அடிக்காத கையால் ஒரு டென்னிஸ் பந்தைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்து, மற்ற கையால் 3 நிமிடம் விடாமல் குத்துங்கள். பிறகு கை மாற்றுங்கள். பந்து விழுந்த ஒவ்வொரு முறையும் கை எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும் மாவாஷி கேரியில் முழங்காலை மடக்கித் தூக்கி, காலைச் சொடுக்கி, புறங்காலில் அடிப்பீர்கள். இங்கே கால் முழுவதும் இடுப்போடு சேர்ந்து சுழலும். படவேண்டியது ஷின்னின் கீழ்ப்பாதி. தரையில் நிற்கும் காலின் முன்பாதத்தில் ஊன்றி, குதிகால் எதிராளியை நோக்கும் அளவுக்குத் திருப்புங்கள். திருப்பாவிட்டால் உதையின் பலம் குறைவது ஒருபுறம், அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் வாங்கும். புறங்காலில் அடிக்கும் பழக்கத்தோடு ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) போனால், எதிராளியின் முழங்கையில் பட்டுப் பாத எலும்பு உடையலாம்.

கைகொடுப்பவை: தூரத்தைக் கணித்துப் பாய்ந்து உள்ளே போவது, நேர்க் குத்து. நேராக முன்னே உதைக்கும் மாயே கேரியும் உதவும், ஆனால் சொடுக்கி இழுக்காமல் இடுப்பை முன்னே கொடுத்துத் தள்ளுங்கள். பாயிண்ட் முறையில் அடி பட்டதும் நின்றுவிடுவீர்கள். இங்கே யாரும் நிறுத்தமாட்டார்கள். அடித்த கை கன்னத்துக்குத் திரும்பும் முன்பே பதிலடி வந்துவிடும்.

பாய்விரிப்பு:

நிலைக்கால் சொன்ன அதே ஹிகிதேதான் ஜூடோவில் உங்கள் முதலீடு. எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கும் கைக்கு ஜூடோவிலும் ஹிகிதே என்றுதான் பெயர். இடுப்பைத் திருப்பிக்கொண்டே கையை இழுப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், இப்போது அந்தக் கையில் ஒரு ஆள் இருப்பார், அவ்வளவுதான். கராத்தேயில் காலை வாரும் ஆஷி பாராயும் அப்படியே உதவும். எதிராளியின் கால் தரையைத் தொட்டு எடை முழுதாக இறங்குவதற்குள் வாரவேண்டும். எடை இறங்கிய பிறகு வாரினால் மரத்தை உதைப்பது போலத்தான்.

ஆனால் முதல் மாதம் எறிவதைப் பற்றி நினைக்காதீர்கள். உகேமி, அதாவது விழக் கற்றுக்கொள்வதுதான் பாடம். படுத்த நிலையில் ஆரம்பித்து, குந்திய நிலை, பிறகு நின்ற நிலை, கடைசியில் ஒருவர் எறிய விழுவது. ஒவ்வொரு வகுப்பிலும் 20 முதல் 30 முறை செய்யுங்கள். தாடை நெஞ்சோடு ஒட்டி, கண் பெல்ட் முடிச்சைப் பார்க்கவேண்டும்; இல்லையென்றால் பின்மண்டை பாயில் மோதும். கையை உடம்பிலிருந்து 30 முதல் 45 டிகிரி விலக்கி முழுக்கையால் பாயை அறையுங்கள், அறையும்போது மூச்சை விடுங்கள். கை அதற்கு மேல் விரிந்தால் அதிர்ச்சி தோளுக்குப் போகும். பின்னால் விழும்போது உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியலாம். விழும்போது கையை ஊன்றுவது மனிதனின் இயல்பு, அதனால்தான் இவ்வளவு முறை செய்யச் சொல்கிறேன்.

கராத்தேக்காரர்கள் செய்யும் இன்னொரு தவறு, சட்டையைப் பிடித்ததும் கையை விறைப்பாக நீட்டிவிடுவது. இரண்டே நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும், அதோடு நீங்களும் எறிய முடியாது. கராத்தே சட்டையையும் கொண்டுபோகாதீர்கள், தோள் பக்கம் கிழிந்துவிடும்.

பிரௌன்பெல்ட்:

இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஷின்னைக் கெட்டியாக்கக் கட்டையால் உருட்டலாமா? இரண்டையும் சேர்த்தே ஆரம்பிக்கலாமா?

நிலைக்கால்:

கட்டை, பாட்டில் எதுவும் வேண்டாம். எலும்பின் மேல் உறையையும் தோலையும் புண்ணாக்குவதுதான் மிச்சம். கனமான பயிற்சிப் பேக்கில் வாரம் 2 நாள், காலுக்கு 50 உதை, பாதி பலத்தில் தொடங்குங்கள். அடிபட்ட இடம் கன்றி, சில நாளில் குறைந்தால் கவலையில்லை. விரல் வைத்த ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்து, ஓய்விலும் வலி நீடித்தால் உதைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் விரிசல் இருக்கலாம்.

பாய்விரிப்பு:

3 நாளைப் பிரித்தால் இரண்டுமே தேறாது. எதிராளி நெருங்கும்போது முய் தாய் உடம்பு நிமிர்ந்து கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோகும், ஜூடோ உடம்பு கையை நீட்டிச் சட்டையைப் பிடிக்கும். முதல் 6 மாதம் ஒன்றை மட்டும் எடுங்கள். குத்தும் உதையும்தான் ஆசை என்றால் முய் தாய். பிடியில் மாட்டினால் என்ன செய்வது என்று தெரியாத ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால் ஜூடோ.

சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஜூடோ என்றால், புதியவரை விழப் பழக்காமலே ரந்தோரியில் (கட்டில்லாத மோதல் பயிற்சியில்) இறக்குகிறார்களா, யாராவது விடச் சொல்லி இரண்டு தட்டு தட்டியதும் பிடியை உடனே விடுகிறார்களா என்று கவனியுங்கள். முய் தாய் என்றால், ஸ்பாரிங்கில் 16 அவுன்ஸ் கையுறை, ஷின் கார்டு, மவுத் கார்டு மூன்றும் இருக்கின்றனவா, பழையவர்கள் புதியவரிடம் பலத்தைக் குறைக்கிறார்களா என்று பாருங்கள்.