கத்திரி முடிவதற்குள் மழை வந்துவிட்டது, இந்த வருஷம் வடாம் போட்டாச்சா?

மாடிப்படி (தாம்பரம்), 2025 மே 29

எல்லோருக்கும் வணக்கம். நேற்றோடு அக்னி நட்சத்திரம் முடிந்தது. காலண்டரில் மே 4 முதல் 28 வரை கத்திரி என்று போட்டிருந்தாலும் பல நாள் சாயங்காலமானால் மேகமும் இடியும்தான். கேரளாவில் 24ஆம் தேதியே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது, வழக்கமாக ஜூன் 1 வாக்கில்தான் தொடங்கும், 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்று செய்தியில் சொன்னார்கள். வெயில் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் வடாம் போடவில்லை, அதுதான் கவலை.

இத்தனை வருஷமும் அம்மா ஊரிலிருந்து டப்பா டப்பாவாக அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது முழங்கால் வலி, மாடி ஏற முடிவதில்லை. இந்த முறை நான் போட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன், சொன்ன நாளிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஜூன் 2 பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் பிள்ளைகளையும் இதில் இழுத்துவிட வேண்டும் என்று ரொம்ப ஆசை. விடுமுறை முழுக்க ஐபிஎல்தான் ஓடியது. சென்னை அணி முதல் தடவையாகப் பட்டியலில் கடைசி இடத்தில் முடித்ததிலிருந்து சின்னவன் டிவி பக்கமே போகவில்லை, இதுதான் நல்ல சமயம்.

சென்னைப் பக்கம் ஜூனில் வடாம் காய்கிற அளவுக்கு வெயில் இருக்குமா? அரிசியா ஜவ்வரிசியா, முதல் தடவை போடுபவர்களுக்கு எது சரிப்படும்? அடுக்குமாடியில் மொட்டைமாடிச் சாவி கிடைப்பதே பெரும்பாடு, பால்கனியில் போட்டால் காயுமா? அப்படியே உங்கள் வீட்டு வடாம் கதைகளையும் சொல்லுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

வைகைக்கரை (மதுரை)

தாராளமாகப் போடுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் அழகர் ஆற்றில் இறங்கிய பிறகுதான் வத்தல் வேலை. சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களில் இரண்டு அத்தையாவது தங்கிவிடுவார்கள், கூழ் கிண்ட ஆள் வேண்டுமே! இந்த வருஷம் அழகர் இறங்கியது மே 12, அடுத்த வாரமே போட்டு முடித்தோம். நடுவில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டு வேட்டியோடு வாரிச் சுருட்டி ஓடினோம், மறுநாள் வெயிலில் காயவைத்ததும் சரியாகிவிட்டது, பயப்பட வேண்டாம்.

கூழ் வத்தல் என்றால் முந்தின நாளே இட்லி அரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க விட வேண்டும். விடியற்காலையில் பெரிய குண்டானில் தண்ணீர் கொதித்ததும் மாவை ஊற்றி, கை விடாமல் கிண்டுவது. ஈரக் கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுது, சீரகம், இறக்கியபின் எலுமிச்சம்பழச் சாறு. உப்பை மட்டும் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், காயக் காய உப்பு ஏறும்.

பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வர வேண்டும். முன்பக்கமாக நகர்ந்தால் சேலைத் தலைப்பு வத்தலில் விழும், இது என் ஆச்சி போட்ட சட்டம். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டால் ஒவ்வொன்றாகக் கையோடு வந்துவிடும். அப்புறம் தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு மூன்று வெயில். ஒடித்தால் சத்தம் வர வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்குக் காக்கா விரட்டும் வேலை கொடுங்கள். நாங்கள் கறுப்புக் குடையை விரித்து வைத்து, அதன் நிழலில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டே காவல் இருப்போம். சம்பளம், குண்டான் அடியில் ஒட்டிய கூழில் நல்லெண்ணெய் ஊற்றி ஒரு கிண்ணம். மத்தியானம் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பச்சை வத்தலைப் பிய்த்துத் தின்போமே, அந்த ருசிக்குப் பொரித்த வத்தல்கூட ஈடில்லை. ஒரு வரிசையே காணாமல் போகும், பழி காக்கா மேல் விழும்.

ஆத்தூர்க்காரன்

முதல் தடவை என்றால் ஜவ்வரிசிதான், சந்தேகமே வேண்டாம். அரைக்கிற வேலை இல்லை, புளிக்க விடுகிற வேலை இல்லை. ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒரு டம்ளருக்கு நான்கைந்து டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மணி மணியாக இருப்பது வெந்து நிறமில்லாமல் ஆனதும் உப்பு, மிளகாய் விழுது, பெருங்காயம். ஆறியபின் கெட்டியாகும், அதனால் இறக்கும்போது தளர இருக்கட்டும். வேட்டி வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பு போதும், காய்ந்ததும் தானே கழன்றுவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஜவ்வரிசியே வெயிலில்தான் பிறக்கிறது. மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் படியவிட்டு, அந்த மாவை உருட்டி மணியாக்கி, சட்டியில் வறுத்து, கடைசியில் காயப்போட ஆலையை ஒட்டிப் பெரிய சிமெண்டுக் களம் இருக்கும். சின்ன வயதில் பள்ளி விட்டு வரும் வழியில் அந்தக் களத்தைப் பார்ப்பேன், கண் கூசும் வெள்ளை, நடுவில் வெறுங்காலோடு இரண்டு பேர் பலகையால் இழுத்துத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். மேகம் திரண்டால் ஆலையில் இருக்கிற அத்தனை பேரும் களத்துக்கு ஓடி வருவார்கள். உங்கள் மாடியில் நடப்பது எங்கள் ஊரில் ஏக்கர் கணக்கில் நடக்கும். சேலத்தில் சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 1981லிருந்து இருக்கிறது, சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வாங்கும்போது கொஞ்சம் மங்கலான நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். பளீரென்ற வெள்ளைதான் உசத்தி என்று கடையில் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

தென்காசிச் சாரல்

எங்கள் பக்கம் வந்து கேட்டால் வடாமை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலை ஓரம் முழுக்க நனைந்து கிடக்கிறது, 25, 26 தேதிகளில் நீலகிரிக்கும் கோவைக்கும் ரெட் அலர்ட் கொடுத்தார்கள். குற்றாலத்தில் மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்க விட மாட்டார்கள், சொல்லி வைக்கிறேன், கிளம்புகிறவர்கள் முதல் நாளே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்ற வருஷம் ஜூனில் எப்போது சாரல் விழும் என்று மேற்கே பார்த்துக்கொண்டு இருப்போம், இப்போது மே மாதத்திலேயே காற்றில் அந்த ஈர வாடை. எனக்கு மனசு நிறைந்திருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

நுங்குதான் வருத்தம். மழையில் பனையேறுவது ஆபத்து, மட்டை வழுக்கும், அதனால் வண்டியில் வருகிற நுங்கு குறைந்துவிட்டது. நல்ல இளநுங்கைச் சீவி வாங்கி, கண்ணில் கட்டைவிரலை விட்டு நோண்டி, தண்ணீர் முழங்கை வரை வழிய அப்படியே உறிஞ்சுவதுதான் முறை. தோலுரித்துக் கவரில் போட்டுத் தருவது எனக்குப் பிடிப்பதில்லை. தின்றபின் மிஞ்சும் வெறும் காயை, எங்கள் பக்கம் கூந்தல் என்போம், எறியாமல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளினால் வண்டி. உங்கள் சின்னவனுக்கு ஒன்று செய்து கொடுங்கள், டிவி ரிமோட்டைத் தேட மாட்டான்.

வடாம் சரிவரவில்லை என்றால் மோர் மிளகாய் போடுங்கள் அக்கா. மிளகாயைக் கீறி உப்பு போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் எடுத்துக் காயவைத்து, ராத்திரி மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படியே. நடுவில் ஒருநாள் மேகம் போட்டாலும் மோரிலேயே கிடக்கட்டும், கெடாது.

கடற்காற்று (திருவான்மியூர்)

சென்னைக்கு ஜூன் முழுக்க வடாம் மாதம்தான், கவலையே படாதீர்கள். பருவமழை சீக்கிரம் வந்தது மேற்கு மாவட்டங்களுக்கு. நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான். தென்மேற்குப் பருவத்தில் மலையைத் தாண்டி வருகிற மேற்குக் காற்று ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டுக் காய்ந்துபோய் இங்கே வந்து சேர்கிறது, வடாமுக்கு இதைவிட நல்ல காற்று ஏது? அந்தக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும், மத்தியானம் இரண்டு மணி வரை நமக்கு அனல்தான். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி போனதை நினைத்துப் பாருங்கள், எங்கள் தெருவில் அன்றைக்கு நாய்கூட வெளியே வரவில்லை.

ஒன்று மட்டும் கவனம். வெப்பத்தால் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் மேகம் கட்டி, சாயங்காலத்துக்கு மேல் நம் பக்கம் இடியோடு வரும். காலை ஏழு மணிக்குள் ஊற்றி முடித்து, நாலு மணிக்கு உள்ளே எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. பால்கனி கிழக்குப் பார்த்தது என்றால் பத்து மணிக்கு மேல் வெயில் போய்விடும், அங்கே ஜவ்வரிசி வடாம் ஊசிப்போக வாய்ப்பு அதிகம். மாடிச் சாவியைக் கேட்டு வாங்குங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் கொடுத்துவிடுவார்கள். எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் நடந்தது, இப்போது மாடியில் நாலு வீட்டு வடாம் காய்கிறது.

மாடிப்படி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆத்தூர்த் தம்பி சொன்னபடி ஜவ்வரிசிதான். எதிர்வீட்டு மாமியிடம் பேசினேன், அவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள், சாவியும் கிடைத்துவிட்டது. மாம்பலத்தில் பழைய பாத்திரக் கடை ஒன்றில் அரிசி வடாம் பிழிகிற பித்தளை நாழி இருக்கிறதாம், நாளைக்குப் பெரியவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஏப்ரலில் விட்ட புது ஏசி மின்சார ரயிலில் போக வேண்டும் என்று விடுமுறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள், அதுவும் ஆயிற்று. சனிக்கிழமை காலை ஊற்றுகிறோம், குடை தயார், காக்கா விரட்டச் சின்னவன் இப்போதே தயார்.

ஒரே ஒரு சந்தேகம். எலுமிச்சம்பழத்தைச் சூட்டிலேயே பிழியலாமா, ஆறின பிறகா? மாமி சூட்டில் என்கிறார், அம்மா கூடவே கூடாது என்கிறார்.

வைகைக்கரை

அம்மா சொல்வதுதான் சரி அக்கா. சூட்டில் பிழிந்தால் கசக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் விதையில்லாமல் பிழிந்து ஒரே கிளறு, உடனே ஊற்ற ஆரம்பித்துவிடுங்கள். மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.