பெரிய எண், பகா எண்ணா இல்லையா? அவசரம்

செம்பனைக்காரன்: வணக்கம். மகள் படிவம் இரண்டு. வாத்தியார் ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து இது பகா எண், ஏன் என்று விளக்கு என்றாராம். நான் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் பத்தால் வகுபடுகிறது. யார் சொல்வது சரி? நாளைக் காலையில் கொடுக்க வேண்டும், இங்கே சுங்கை சிப்புட்டில் லைன் வேறு விழுந்து விழுந்து எழுகிறது.

கிள்ளான் ராணி: எந்த எண் அண்ணே? அதைச் சொல்லாமல் என்னத்தைப் பார்ப்பது?

பழைய கிராணி: லேப்டாப்பில் எதில் போட்டீர்கள்?

லயத்துச் சாமி: திருட்டு விண்டோசாக இருக்கும். வைரஸ்.

செம்பனைக்காரன்: மன்னிக்கவும், பழம் ஏற்றும் லாரி வந்துவிட்டது. வெறும் ஒன்றுகள்தான், மொத்தம் 19. எக்செலில் அடித்தேன். கட்டத்தை அழுத்தினால் மேலே 1111111111111110000 என்று காட்டுகிறது. நான் பூஜ்யத்தைத் தொடவே இல்லை.

பழைய கிராணி: அதுதானே பார்த்தேன். எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். தோட்ட ஆபீஸில் 16 இலக்கக் கணக்கு எண்களை அடித்து, எல்லாமே பூஜ்யத்தில் முடிந்து, சம்பள நாளில் நான் பட்ட பாடு! எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள், எழுத்தாக அப்படியே நிற்கும். ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதற்குப் பைத்தான் நிரல்மொழிதான், முழு எண் எவ்வளவு நீளமானாலும் விழுங்கும்.

லயத்துச் சாமி: 1+9=10, 1+0=1. சூரியன் எண். எப்படி வகுபடும்?

கணக்குப்புலி: பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா? ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண் என்றால் அந்த எண்ணும் பகா எண். 19 பகா எண். முடிந்தது.

கிள்ளான் ராணி: முடியவில்லை சார். ஐந்து ஒன்றைப் போட்டுப் பாருங்கள், 11111 = 41 × 271. ஏழு ஒன்று, 239 × 4649. எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் கட்டாயம் உடையும், அவ்வளவுதான் சொல்லலாம். 19 ஒன்று பகா எண்தான், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நிரூபித்துவிட்டார்கள், ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தால் இல்லை. இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 38ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அதனால் 191, 229, 419 என்று தாவித் தாவிச் சோதிக்கலாம், வர்க்கமூலம் வரை, சுமார் 105 கோடி.

கணக்குப்புலி: கோடியா? இங்கே மலேசியாவில் ஒரு பில்லியன் என்று சொல்லுங்கள்.

கிள்ளான் ராணி: தமிழில் எழுதினால் கோடிதான்.

பழைய கிராணி: தமிழ்ப்பள்ளியில் மில்லியன் படித்தவனுக்குக் கோடி என்றால் கருமாதிக் கோடித்துணிதான் ஞாபகம் வரும் லா.

கணக்குப்புலி: அதனால்தான் சொல்கிறேன்.

லயத்துச் சாமி: 105 கோடி, 1+0+5=6. சுக்கிரன்!

செம்பனைக்காரன்: மேற்கோள் குறி போட்டேன், 19 ஒன்றும் வந்துவிட்டது. மகள் 38 கணக்கை எழுதிக்கொண்டாள். நன்றி அக்கா, நன்றி கிராணி.

கிள்ளான் ராணி: ஏன் 38 என்று கேட்டால் என்ன சொல்வாள்? அண்ணே?