புதுப்பிப்பு: எண்ணூர் மணலில் புதைந்த ஜீப்

எண்ணூர் முகத்துவாரம் பக்கம் நண்பரின் ஜீப் அச்சுவரை மணலில் இறங்கிவிட்டது, எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தேன். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டோம். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஆக்சிலேட்டரை மிதிப்பதை நிறுத்தினோம். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி கீழேதான் போகும். நாலு டயரிலும் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கியதும் டயர் அகலமாகப் பரவி மணலைப் பிடித்தது. அடியில் சேர்ந்த மணலை வாரிவிட்டு, சக்கரங்களுக்கு முன்னால் சரிவாக வழி வெட்டினோம். மேலே காய்ந்த மணல், ஒரு முழம் தோண்டினால் கறுத்த சேறு. கொசஸ்தலை ஆற்றோரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களும் இப்படித்தான், கெட்டித் தரை போலத் தெரியும். நம்பி இறங்காதீர்கள்.

இழுக்க வந்த பிக்கப் டிரைவர் கயிற்றை பம்பரில் கட்டப் போனார். "அண்ணே, அதுல வேணாம், சேசிஸ் கொக்கியில மாட்டுங்க" என்றேன். சேசிஸ் என்றால் வண்டியின் இரும்பு அடிச்சட்டம். பம்பர் பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆளைக் கொன்றுவிடும். கயிறு அறுந்தால் வீசி அடிக்காமல் இருக்க, அதன் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டோம். வேடிக்கை பார்க்க வந்த குப்பத்துப் பிள்ளைகளைக் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கவைத்தோம். இதில் தயவுதாட்சண்யமே கூடாது. அப்புறம் வெட்டி இழுக்காமல், நிதானமாக இழுத்தார், வந்துவிட்டது.

இரும்புச் சங்கிலி போதாதா என்று கேட்டவருக்கு: வேண்டாம், அறுந்தால் தடுக்க முடியாது. தார் ரோட்டில் ஏறுமுன் காற்றை நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் பட்ட அடிப்பாகத்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.