வார இறுதி லைன் டான்ஸ் நிகழ்ச்சி: புதியவர்கள் திரும்பும்போது வழிதவறாமல் நடத்துவது எப்படி?

இடதுகால் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒரு சிறு குழுவாக மூன்று ஆண்டுகளாக வாரத்தில் ஒரு மாலை லைன் டான்ஸ் (ஜோடி இல்லாமல் வரிசை வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடிகளை ஆடும் நடனம்) ஆடி வருகிறோம். வெளியாட்களையும் அழைத்து, சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு பிற்பகல் முடியும்படி ஒரு நிகழ்ச்சி நடத்தலாம் என்று இப்போது முடிவு செய்து, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அறுபது பேர் வரக்கூடும் என்று எதிர்பார்க்கிறோம். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதற்கு முன் ஒரு முறைகூட ஆடியிராதவர்கள்.

அரங்கு 15 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பளபளப்பான சிமெண்ட் தரை. இரண்டு நாளில் பன்னிரண்டு புதிய நடனங்களைக் கற்றுக்கொடுப்பதாக ஒரு முதல் வரைவு எழுதி வைத்திருக்கிறேன்.

என் கவலை ஒன்றுதான். சென்ற ஆண்டு இதைப் போன்ற ஒரு நிகழ்ச்சிக்கு என் அக்காவை அழைத்துப் போயிருந்தேன். முன்சுவரைப் பார்த்து ஆடிய வரையில் அவர் நன்றாகவே ஆடினார். கால்வட்டத் திருப்பம் வந்து எல்லோரும் பக்கச்சுவரைப் பார்த்ததும், கடைசி ஆளாக நின்றிருந்த அவருக்கு முன்னால் பார்த்து ஆட ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்கள். தடுமாறி நின்றவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு அந்த இரண்டு நாளும் அவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் நிகழ்ச்சியில் யாருக்கும் அப்படி நேரக் கூடாது. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நான்காம் சுவர்

வணக்கம். பல ஆண்டுகளாகத் தொடக்கநிலை வகுப்புகள் எடுத்து வருகிறேன். உங்கள் அக்காவுக்கு நேர்ந்ததில் அவருடைய பிழை எதுவும் இல்லை. ஆட்களை நிறுத்தி வைத்த விதத்தில்தான் பிழை. லைன் டான்ஸில் முன்வரிசை என்று நிலையான ஒன்று கிடையாது. நான்கு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்து ஆடும் 'நான்கு சுவர்' நடனத்தில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கால்வட்டத் திருப்பம் வருவதால், முதலில் முன்னால் நின்றவர்கள் பிறகு பக்கவாட்டிலும் அதற்கடுத்து பின்னாலும் போய்விடுகிறார்கள். நிமிடத்துக்கு 120 பீட் (தாள அடி) வேகமுள்ள பாட்டில் 32 கவுன்ட் நடனத்தின், அதாவது 32 எண்ணிக்கையில் முடியும் நடனத்தின், ஒரு சுற்று 16 வினாடி. அதாவது, மூன்றரை நிமிடப் பாட்டு ஒன்றில் அந்த நடனம் பதின்மூன்று முறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு 16 வினாடிக்கும் 'முன்னால் இருப்பவர்' மாறிக்கொண்டே இருக்கிறார்.

ஆகவே, தெரிந்தவர்களை முன்னால் மட்டும் நிறுத்தாதீர்கள். நான்கு விளிம்பிலும் நிறுத்துங்கள். உங்கள் அரங்கையே எடுத்துக்கொள்வோம். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் இரண்டு மீட்டர் போனால் 13க்கு 10 மீட்டர் மிஞ்சும். நாற்புறமும் ஒன்றரை மீட்டர் காலியாக விட வேண்டும். கிரேப்வைன் (ஒரு காலுக்குப் பின்னால் மறு காலை வைத்துப் பக்கவாட்டில் போகும் அடி) எடுத்து வைக்கும்போது வரிசை முழுவதும் பக்கவாட்டில் நகரும், திரும்பிய பிறகோ அதே நகர்வு அரங்கின் நீளவாக்கில் செல்லும் என்பதுதான் காரணம். எஞ்சுகிற 10க்கு 7 மீட்டரில் வரிசைக்கு ஆறு பேராக ஏழு வரிசை, ஆக 42 பேர், தோள் இடிக்காமல் ஆடலாம். அந்தக் கட்டத்தில் விளிம்பில் நிற்பவர்கள் 22 பேர். உள்ளே நிற்பவர்கள் 20 பேர். தெரிந்தவர்கள் பாதி, புதியவர்கள் பாதி என்ற உங்கள் கணக்குக்கு இது அப்படியே பொருந்துகிறது. புதியவர்கள் உள்ளே நின்றால், எந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பினாலும் அவர்கள் கண்ணெதிரே நடனம் தெரிந்த ஒருவர் இருப்பார்.

அறுபது பேர் என்பது அந்த அரங்குக்கு அதிகம். எப்போதும் சிலர் இளைப்பாறிக்கொண்டிருப்பார்கள் என்றாலும், பதிவை 50 பேருக்குள் நிறுத்திவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்து, பன்னிரண்டு நடனம். தயவுசெய்து இதைக் கைவிடுங்கள். புதியவர் ஒருவர் சனிக்கிழமை மூன்று நடனங்களைக் கற்று, மாலையில் அவற்றையே இரண்டிரண்டு முறை ஆடி, ஞாயிறு காலையில் மீண்டும் ஒரு முறை ஆடிப்பார்த்துவிட்டு மேலும் இரண்டைக் கற்றால், ஐந்து நடனங்கள் அவருக்குச் சொந்தமாகிவிடும். பன்னிரண்டு கற்றுக்கொடுத்தால் திங்கட்கிழமை ஒன்றுகூட நினைவில் இராது. உடல் கற்றுக்கொள்ளும் அசைவுகள் தூக்கத்தில் நன்றாகப் படிகின்றன. முதல் நாள் மாலை தடுமாறியவர்கள் மறுநாள் காலையில் சரளமாக ஆடுவதைக் கண்டு அவர்களே வியப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வார இறுதி நிகழ்ச்சியில் மட்டுமே கிடைக்கிற இந்த வாய்ப்பைப் புதுப்பாடம் வைத்து வீணாக்க வேண்டாம்.

நடனங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்டெப் ஷீட்டின் (நடனத்தின் அடிகளை எழுதி வைத்த தாள்) தலைப்பில் உள்ள கவுன்ட், சுவர்களின் எண்ணிக்கை, கடின நிலை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, டேக், ரீஸ்டார்ட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாட்டின் போக்குக்காக இடையில் சேர்க்கப்படும் கூடுதல் அடிகள் டேக். சுற்று முடியுமுன்பே நிறுத்தி முதலிலிருந்து தொடங்குவது ரீஸ்டார்ட். இவ்விரண்டும் இல்லாத 32 கவுன்ட் நடனங்களே முதல் நாளுக்கு ஏற்றவை. எலக்ட்ரிக் ஸ்லைடு எல்லோருக்கும் தெரியும் என்று சிலர் அதிலிருந்து தொடங்குவார்கள். இன்று பரவலாக ஆடப்படும் அதன் வடிவம் 18 கவுன்ட். எட்டு எட்டாக ஓடும் பாட்டின் அடிகளோடு அது சேர்ந்து முடிவதில்லை. ஆதலால், பாட்டைக் கேட்டே தொடக்கத்தைப் பிடிக்கலாம் என்று அப்போதுதான் கற்ற ஒருவரை அது குழப்பிவிடும். மாலை ஆட்டத்துக்கு அருமையான நடனம்; முதல் பாடமாக மட்டும் வேண்டாம்.

கற்றுக்கொடுக்கும்போது எட்டு கவுன்ட்டாகப் பிரித்து, ஒவ்வொரு எட்டின் முடிவிலும் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் புதியவர்கள் தவறுவது அடிகளை மறந்து அன்று. 'டச்' என்று தரையைத் தொட்டுவிட்டு எடுக்க வேண்டிய காலில் எடையை இறக்கிவிடுவதால்தான். எடை இறங்கிய காலை அடுத்த கவுன்ட்டில் தூக்க முடியாது; அங்கிருந்து எல்லாம் மாறிப்போகும். பயிற்றுநர் வகுப்புக்கு முதுகு காட்டி, அவர்கள் பார்க்கும் திசையையே பார்த்து நின்று ஆட வேண்டும். சுவர் மாறும்போது மேடையிலேயே நின்றுவிடாமல், புதிய முன்பக்கத்துக்கு அவரும் நடந்து வர வேண்டும்.

ஒலிமேசை

பாட்டு சம்பந்தமாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஒரே பாட்டு இணையத்தில் பல நீளங்களில் கிடைக்கும். வானொலிக்காகச் சுருக்கப்பட்ட பதிப்பில் ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தால், டேக்கும் ரீஸ்டார்ட்டும் ஸ்டெப் ஷீட்டில் சொன்ன இடத்தில் வரமாட்டா. அரங்கில் நாற்பது பேர் ஒரே நொடியில் தடுமாறினால், பெரும்பாலும் காரணம் இதுதான். ஷீட்டில் குறித்துள்ள பதிப்பையே, குறித்துள்ள நீளத்தோடு ஒப்பிட்டு இறக்கி வைத்து, நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொரு பாட்டையும் ஒருவர் முழுவதுமாக ஆடிப்பார்த்துவிட வேண்டும். அரங்கில் இணையத்தை நம்பி இருக்காதீர்கள்.

சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி இப்போது சாதாரண மென்பொருள்களிலேயே உண்டு. முதல் முறை 80 விழுக்காடு, அடுத்து 90, பிறகு முழு வேகம் என்று ஏற்றினால் புதியவர்களுக்கு மூச்சு முட்டாது. பாட்டு தொடங்கி எத்தனையாவது கவுன்ட்டில் ஆட்டம் தொடங்குகிறது என்பதை, 16 ஆனாலும் 32 ஆனாலும், ஒவ்வொரு முறையும் அறிவியுங்கள். நடனத்தின் பெயரோடு அதை அமைத்தவரின் பெயரையும் சொல்வது நல்ல மரபு. எங்கோ ஒருவர் உட்கார்ந்து உழைத்து அமைத்ததைத்தான் நாம் ஆடுகிறோம்.

பயிற்றுநருக்குத் தலையில் மாட்டும் மைக் கட்டாயம் வேண்டும். கையில் மைக் பிடித்துக்கொண்டு ஆடிக் காட்ட முடியாது. பொது நிகழ்ச்சியில் பாட்டுகளை ஒலிபரப்ப உரிமம் தேவையா, அது அரங்கிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுநடை

பளபளப்பான சிமெண்ட் தரை என்று படித்ததும் எழுதத் தோன்றியது. மூட்டுவலியோடு ஆடுகிறவள் நான். மரத்தரை சற்றே நெகிழ்ந்து கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. அதில் நாள் முழுவதும் ஆடினால் மாலையில் கணுக்காலும் முழங்காலும் பேசும். வேறு அரங்கு கிடைக்காவிட்டால், 45 நிமிடம் ஆடினால் கால் மணி நேரம் ஓய்வு என்பதில் உறுதியாக இருங்கள். சுவரோரம் போதிய நாற்காலிகள் போடுங்கள். வழுக்குவதற்காகத் தரையில் பவுடர் தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு. எக்காரணம் கொண்டும் அதை அனுமதிக்க வேண்டாம். ஒருவருக்குத் திரும்ப வசதியாக இருப்பது அடுத்தவரை விழவைத்துவிடும்.

அழைப்பிலேயே காலணி பற்றி எழுதிவிடுங்கள். ஓட்டப் பயிற்சிக்கான ரப்பர் அடிக்காலணி தரையைப் பிடித்துக்கொள்ளும். உடல் திரும்பும், பாதம் திரும்பாது, அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். குதிகாலைப் பிடித்து நிற்கும், அடிப்பாகம் வழவழப்பான காலணியே நல்லது. பின்வார் இல்லாத செருப்பு வேண்டாம்.

என்னைப் போன்றவர்களுக்காகப் பயிற்றுநர் ஒன்றைச் சொல்லித்தர வேண்டும்: சுழன்றபடி பக்கவாட்டில் போகும் இடத்தில், சுழலாமல் சாதாரணக் கிரேப்வைன் வைத்தாலும் கவுன்ட் ஒன்றே, முடியும் காலும் ஒன்றே. எவருக்கும் தொந்தரவில்லாமல் வரிசையோடு சேர்ந்தே இருக்கலாம். இதை முதல் வகுப்பிலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால், பிறகு யாரும் தயங்கி உட்கார மாட்டார்கள்.

இரட்டைத்தாளம்

நான்காம் சுவர் அவர்கள் சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பல ஆண்டுகளாக ஆடி வருபவர்கள், இரண்டு நாளை ஒதுக்கிவிட்டு வந்து ஐந்து எளிய நடனங்களை மட்டும் ஆடிக்கொண்டிருக்க மனமில்லாமல் போகலாம். விளிம்பில் நிற்கப் போகும் அந்த 22 பேரின் உற்சாகத்தை நம்பித்தான் புதியவர்களை உள்ளே நிறுத்துகிறீர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சனிக்கிழமை பிற்பகலில் புதியவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் இந்த அனுபவசாலிகளுக்கென்று இடைநிலை நடனம் ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். மாலையில் ஒரே பாட்டுக்குத் தளத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் எளிய நடனத்தையும் மறு பாதியில் கடினமான நடனத்தையும் ஆட விடலாம். இரண்டு நடனங்களும் நகரும் திசைகளை முன்பே ஒப்பிட்டுப் பார்த்து, நடுவில் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் மோதல் வராது. மாலைப் பட்டியலில் வேகமான மூன்று பாட்டுகளுக்குப் பிறகு வால்ட்ஸ் தாளத்தில் ஒன்று வரட்டும். மூன்று மூன்றாக எண்ணி ஆடும்போது அரங்கமே அமைதியடைந்து, எல்லோர் தோள்களும் ஒன்றாய் அசைவதைக் காண்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

நான்காம் சுவர்

இரட்டைத்தாளம் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அனுபவசாலிகளுக்குத் தனி வகுப்பு தேவைதான். ஆனால் தளத்தைப் பிரிக்கும் ஆட்டத்தை மாலை நேரத்தின் பிற்பகுதியில் வையுங்கள். புதியவர்கள் தங்கள் மூன்று நடனங்களையும் விளிம்புத் துணையோடு ஒரு முறையாவது முழுமையாக ஆடி முடித்திருக்க வேண்டும்.

இடதுகால்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பன்னிரண்டை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதியிருக்கிறேன். இடைநிலை ஒன்று தனி. பதிவு ஐம்பதோடு நிறுத்தப்படும். மரத்தரை உள்ள அரங்கு ஒன்றை விசாரித்து வருகிறோம். கிடைக்காவிட்டால் மெதுநடை அம்மா சொன்ன ஓய்வு நேரக் கணக்கை அப்படியே கடைப்பிடிப்போம்.

இன்னும் ஒரே ஒரு ஐயம். புதியவர்களை உள்ளே நிற்கச் சொல்வது எப்படி? மைக்கில் அறிவித்தால், தெரியாதவர்கள் என்று அவர்களை எல்லோர் முன்னிலையிலும் சுட்டிக்காட்டியதாக ஆகிவிடாதா?

நான்காம் சுவர்

புதியவர்களுக்கு எந்த அடையாளமும் வேண்டாம். எதுவும் அறிவிக்கவும் வேண்டாம். தெரிந்தவர்களின் மணிக்கட்டில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர்கள் முதலில் இறங்கி நான்கு விளிம்புகளிலும் நின்றுகொள்ளும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறகு வருகிறவர்களுக்கு நடுவில் மட்டுமே இடம் இருக்கும். ஞாயிறு பிற்பகலில் யாராவது தாமாகவே விளிம்புக்கு நகர்ந்தால் தடுக்காதீர்கள். அருகில் நாடா கட்டிய ஒருவர் நிற்கட்டும்.

இடதுகால்

நாடா வாங்கியாயிற்று. நேற்று அக்காவிடம் அந்த 42 கட்டப் படத்தை வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான்காவது வரிசையின் நடுவில் ஒரு கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்திருக்கிறார்.