மூலை மங்கினால் உடனே லென்ஸ் மேல் பழியா?

இருட்டறை: ஃபிலிம் கேமராவில் 24 எம்எம் லென்ஸ் மாட்டி எடுத்த படங்களில் வலது மேல் மூலை மட்டும் தெளிவில்லாமல் மங்குகிறது, ஏன் என்று ஒருவர் இங்கே கேட்டார். வந்த பதில்: "எஃப் 8இல் சரியாகிறதா? அப்போ லென்ஸ்தான் கோளாறு." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. லென்ஸ் துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கினால் எதுதான் சரியாகாது? துவாரம் அகலத் திறந்த எஃப் 2.8இல் ஃபிலிம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முன்னே பின்னே போனாலே மங்கும், எஃப் 8இல் ஏறக்குறைய மூன்று மடங்கு தாங்கும். ஃபிலிமைப் பின்னாலிருந்து தட்டையாக அழுத்தும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், லென்ஸை மாட்டும் மவுண்ட் சாய்ந்திருந்தாலும் எல்லாம் அதில் மறைந்துவிடும். முதலில் நெகடிவை லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பாருங்கள்.

மூலைமுடுக்கு: அந்தப் பதில் போட்டது நான்தான், நேராகவே சொல்லலாம். மூன்று மூலை தெளிவு, ஒன்று மட்டும் மங்கல், எஃப் 8இல் சரி. யாரோ கழற்றிப் பூட்டியதில் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. லென்ஸ்தான்.

இருட்டறை: ஸ்கேனர் ஹோல்டரில் நெகடிவ் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தாலும் ஒரு மூலைதான் மங்கும். கிரெய்னைப் பாருங்கள் ஐயா, ஃபிலிமிலேயே இருக்கும் பொடிப்பொடிப் புள்ளிகளை. அந்த மூலையில் கிரெய்னும் கரைந்திருந்தால் ஸ்கேனர். கிரெய்ன் கூர்மையாக இருந்து படம் மட்டும் மங்கினால்தான் கேமரா பக்கமே போகவேண்டும்.

மூலைமுடுக்கு: ஸ்கேனர் கோளாறு எஃப் 8இல் மட்டும் எப்படிச் சரியாகும்? எடுக்கும்போது என்ன அப்பர்ச்சர் (துவார அளவு) வைத்தோம் என்று ஸ்கேனருக்குத் தெரியுமோ?

இருட்டறை: எஃப் 8இல் எடுத்தது, மங்கியது, இந்த இரண்டு ஃபிரேமும் ஸ்ட்ரிப்பில் (வெட்டிய ஃபிலிம் துண்டில்) எங்கே இருந்தன என்று கேட்டீர்களா? நுனி ஃபிரேம் சுருண்டுகொள்ளும், நடுவில் இருப்பது படிந்து கிடக்கும். கிரெய்னைப் பார்த்தாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கண்ணாடிப்பிரியன்: கிட்டத்தில் எடுத்த படமா என்று யாருமே கேட்கவில்லையே. நிக்கான் 1967இல் கொண்டுவந்த 24 எம்எம் எஃப் 2.8இல், கிட்டே ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடிக் குழுக்கள் தனித்தனியாக நகரும். அதைத் தப்பாகப் பூட்டினால் மூலைகள் போச்சு.

மூலைமுடுக்கு: பாருங்கள், அவரும் லென்ஸ் என்றுதான் சொல்கிறார்.

கண்ணாடிப்பிரியன்: நான் அப்படிச் சொல்லவில்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

இருட்டறை: எந்தக் கேள்வி வந்தாலும் உங்களுக்கு நிக்கான் புராணம்தான். கேட்டவர் எந்தக் கம்பெனி லென்ஸ் என்று சொல்லவே இல்லை.

கண்ணாடிப்பிரியன்: போன மாதம் லைட் லீக் (கேமராவுக்குள் வெளிச்சம் கசிவது) பேச்சிலும் இப்படித்தான் என் மேல் பாய்ந்தீர்கள். அப்போதும் உங்களுக்குக் கிரெய்ன்தான்.

இருட்டறை: அப்போதும் யாரும் நெகடிவைப் பார்க்கவில்லை, அதனால்தான் சொன்னேன். சரி, கிரெய்ன் கூர்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு செங்கல் சுவரை ட்ரைபாடில் வைத்து எஃப் 2.8இல் எடுக்கட்டும், அப்புறம் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே சுவரை எடுக்கட்டும். மங்கல் ஃபிலிமில் அதே மூலையில் நின்றால் கேமரா அல்லது லென்ஸ், சுவரோடு இடம் மாறினால் சுவருக்கு நேராக நிற்கவில்லை. அதே லென்ஸை வேறு கேமரா பாடியில் மாட்டிப் பார்த்த பிறகுதான் லென்ஸ் என்று வாயைத் திறக்கலாம்.

மூலைமுடுக்கு: இவ்வளவும் செய்தபின் லென்ஸ் என்றுதான் வரும். எஃப் 8இல் சரியாகிறதே!

இருட்டறை: மறுபடியும் எஃப் 8. கிரெய்ன்?